பிள்ளையின் கைக்கு வாரம் எத்தனை மணித்தியாலம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

அரச பாடசாலைப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு மடிக்கணினி கொடுத்துவிட்டால் இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியின் கல்வி நிமிர்ந்துவிடும் என்ற பேச்சு தேர்தல் மேடையிலும் கேட்கிறது, பரிசளிப்பு விழாவிலும் கேட்கிறது, இலண்டனிலும் ரொறன்ரோவிலும் கூடும் பழைய மாணவர் சங்கக் கூட்டங்களிலும் கேட்கிறது. கொடுக்க முன்வருவோரின் மனதை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் கொடுத்த பொருள் இரண்டாம் வருடம் அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தால் கொடுத்தவருக்கும் மனவருத்தம், பிள்ளைக்கும் பயனில்லை. அப்படி நடக்காமல் இருக்க என்ன செய்யவேண்டும் என்பதை, பாடசாலைகளில் கணினி கற்பிப்பவர்களும் பழுதுபார்ப்பவர்களுமாகிய நாங்கள் சற்று விரிவாகவே எழுதுகிறோம். தயவுசெய்து இடம் தாருங்கள்.

எத்தனை மடிக்கணினி வந்தது என்ற கணக்கை முதலில் ஒரு பக்கம் வையுங்கள். ஒரு பிள்ளையின் கை வாரத்தில் எத்தனை மணித்தியாலம் விசைப்பலகையில் இருந்தது என்று கணக்குப் பாருங்கள். தரம் 6 முதல் 13 வரை 300 பிள்ளைகள் படிக்கும் பாடசாலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 8 பாடவேளை என்று வைத்தால் வாரத்துக்கு 40. சார்ஜ் போடவும் சுத்தம் செய்யவும் 4 பாடவேளையை ஒதுக்கினால் மிச்சம் 36. பாடசாலையில் 25 மடிக்கணினி இருந்தால், 25 பேர் கொண்ட 12 குழுக்களுக்கும் வாரம் மூன்று பாடவேளை வீதம் கொடுக்கலாம். 40 நிமிடப் பாடவேளை மூன்று என்றால் இரண்டு மணித்தியாலம். அந்த இரண்டு மணித்தியாலமும் பிள்ளைக்கு முன்னால் தனி மடிக்கணினி, பக்கத்தில் ஆசிரியர். தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கவேண்டியதில்லை.

இன்று சாதாரண மடிக்கணினி ஒன்றின் விலை இலட்சம் ரூபாவைத் தாண்டுகிறது. 300 பேருக்கும் வாங்கினால் மூன்று கோடிக்கு மேல். 25 வாங்கினால் அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு. தரம் 6இல் கையில் கொடுத்த மடிக்கணினியின் பற்றரி மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும். பிள்ளை தரம் 10, 11க்கு வந்து சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் நேரத்தில் அது சுவரில் செருகியபடி மட்டும் வேலை செய்யும் பெட்டியாகியிருக்கும். வீட்டில் திடீர்ச் செலவு வந்தால் அடகுக்கும் போகும். நாட்கூலிக்குப் போகும் குடும்பத்தை அதற்காகக் குறைசொல்ல எங்களுக்கு மனம் வராது.

இந்தப் பாதையில் முன்பே நடந்த நாடுகள் உண்டு. நிக்கலஸ் நெக்ரோபொண்டே 2005இல் அறிவித்த ‘பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி’ திட்டம் நூறு டொலர் விலையைக் குறிவைத்தது. வெளிவந்த பச்சை நிறக் கணினியின் விலை அதைப்போல் இருமடங்குக்குக் கிட்ட நின்றது. கணினியில் பெரிய குறை சொல்ல முடியாது. வெயிலிலும் வாசிக்கக்கூடிய திரை, தூசு புகாத விசைப்பலகை, சில வாற்று மின்சாரமே போதும். பெரு நாடு எட்டு இலட்சத்துக்கு மேல் வாங்கிப் பகிர்ந்தது. அங்குள்ள 319 கிராமப் பாடசாலைகளை வைத்து அமெரிக்க நாடுகளுக்கிடையிலான அபிவிருத்தி வங்கியின் ஆய்வாளர்கள் செய்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், கணிதத்திலும் மொழியிலும் பிள்ளைகளின் புள்ளி உயரவில்லை என்றே கண்டார்கள். பிள்ளைகள் கணினியைப் பாவித்தார்கள். ஆனால் வகுப்பில் கற்பிக்கும் முறை அப்படியே இருந்தது. உருகுவே 2007இல் தொடங்கி 2009இல் அரச ஆரம்பப் பாடசாலைகள் எல்லாவற்றுக்கும் கொடுத்து முடித்தது. இணைய இணைப்பு, பழுதுபார்க்கும் ஏற்பாடு, ஆசிரியர் பயிற்சி என்று அதைச் சுற்றி ஓர் அமைப்பையே கட்டியது. அங்குகூட முதல் வருடங்களை ஆராய்ந்தவர்கள் கணிதம், வாசிப்பு இரண்டிலும் மாற்றம் காணவில்லை. தமிழ்நாடு 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம் சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டு மேல்நிலை வகுப்பு, கல்லூரி மாணவருக்கே கொடுத்தது. வயதைப் பொறுத்தவரை அது சரியான தெரிவு என்பது எங்கள் எண்ணம். ஏன் என்று பின்னால் சொல்கிறோம்.

இனி வன்னிக்கு வருவோம். மடிக்கணினி வந்து இறங்கும் கட்டடத்தின் வயரிங்கில்தான் முதல் தடங்கல். மின்கட்டணத்தை நினைத்துப் பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. ஒரு மடிக்கணினியின் பற்றரி 45 வாற்று மணி என்று கொண்டால், 25ஐயும் வெறுமையிலிருந்து முழுதாக நிரப்ப இழப்பையும் சேர்த்து ஒன்றரை அலகு மின்சாரம் போதும். 65 வாற்றுச் சார்ஜர் 25ஐயும் ஒரே நேரத்தில் போட்டாலும் ஏழு அம்பியர்தான். 13 அம்பியர் பிளக் பேஸ் ஒன்று தாங்கும்.

ஆனாலும் ட்ரிப் சுவிட்ச், அதாவது மின்கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், விழும். காரணம் இதுதான். மூன்று முள் உள்ள சார்ஜர் ஒவ்வொன்றும் ஏர்த் வயருக்குள் மிகச் சிறிய மின்னோட்டத்தைக் கசியவிடும். அது பழுதல்ல, சார்ஜருக்குள் இருக்கும் வடிகட்டியின் இயல்பு. ஒன்றுக்கு அரை மில்லி அம்பியர் வந்தாலும் 25க்கு 12 மில்லி அம்பியரைத் தாண்டும். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் அதன் பாதி அளவிலிருந்தே விழலாம். அதே சுவிட்சில் அலுவலகத்தின் போட்டோக்கொப்பி மெசினும் தண்ணீர் மோட்டரும் பழைய காற்றாடிகளும் தொங்கினால் முழுப் பாடசாலையும் இருளும். மூன்றாம் முறை விழுந்த பிறகு யாராவது ஒருவர் ட்ரிப் சுவிட்சைத் தாண்டி நேரே வயர் கொடுத்துவிடுவார். மடிக்கணினிகளை வைத்துச் சார்ஜ் போடும், பிள்ளைகள் கைவைக்கும் இரும்பு அலுமாரிக்குப் பாதுகாப்பே இல்லாமல் போவது அந்த நேரம்தான். இதை எந்தப் பாடசாலையிலும் யாரும் செய்யவிடக்கூடாது.

மெயின் சுவிட்சிலிருந்து கணினி அறைக்குத் தனி வயர் இழுத்து, அதற்கென்று தனி ட்ரிப் சுவிட்ச் போடுங்கள். சார்ஜர்களைப் பன்னிரண்டும் பதின்மூன்றுமாகப் பிரித்து, நேரம் வைக்கும் சுவிட்ச் இரண்டால் ஒன்றன்பின் ஒன்றாகச் சார்ஜ் ஏற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் போட்டால், ஆரம்பத்தில் இழுக்கும் திடீர் மின்னோட்டத்துக்கே பிறேக்கர் விழும். ஒரு மல்ரி பிளக்கில் இன்னொரு மல்ரி பிளக்கைச் செருகும் பழக்கத்துக்குக் கணினி அறையில் இடமே இருக்கக்கூடாது. இளகிய பின்கள் சூடாகி, முதலில் பிளாஸ்ரிக் மணமும் பிறகு புகையும் வரும்.

ஏர்த்தும் அப்படித்தான். மாரியில் நனைந்த மண்ணில் அளந்தால் நல்ல எண் காட்டும் ஏர்த் கம்பி, ஆவணியில் மண் பாளம் பாளமாக வெடித்திருக்கும்போது பல மடங்கு மோசமாகிவிடும். மூன்று முள் சார்ஜரில் செருகிய மடிக்கணினியின் உலோக உடலைத் தொட்டால் விரலில் மெல்லிதாக விறுவிறுத்தால், அந்தப் பிளக்கில் ஏர்த் இல்லை என்று அர்த்தம். அளப்பதானால் கோடை உச்சத்தில் அளவியுங்கள். 10 ஓமுக்கு மேல் காட்டினால் இன்னொரு கம்பி இறக்குங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடிமழைக்கு முன் எல்லாப் பிளக்கையும் கழற்றி வைப்பதே நிச்சயமான காவல். இடிதாங்கிப் பிளக் என்று விற்கப்படுபவை நல்ல ஏர்த் இல்லாத இடத்தில் வெறும் அலங்காரம்.

சோலார் பற்றியும் ஒரு வார்த்தை. கூரையில் தகடு இருக்கிறது, ஆகவே கரண்ட் போனாலும் வகுப்பு நடக்கும் என்று பலர் நம்புகிறார்கள். மின்சார சபையின் லைனோடு இணைத்த சாதாரணத் தொகுதி, லைன் போனவுடன் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் ஊழியரைக் காப்பதற்காக அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். கரண்ட் இல்லாத நேரத்திலும் வேண்டுமானால் பற்றரியோடு கூடிய இன்வேர்ட்டர் தனியாகத் தேவை. அதுவும் சுத்த சைன் அலை தருவதாக இருக்கவேண்டும். மலிவான சதுர அலை இன்வேர்ட்டரில் சார்ஜர்கள் சூடாகிச் சீக்கிரம் பழுதாகலாம். ஆனால் மடிக்கணினி மேசைக் கணினி மாதிரி அல்ல. காலையில் முழுச் சார்ஜோடு இருந்தால் மூன்று பாடவேளைக்குக் கரண்டே தேவையில்லை. 2022 மின்வெட்டுக் காலம் போல ஒன்று திரும்பி வந்தாலும், இரவில் சார்ஜ் ஏற்றி நேரசூசியை மாற்றிச் சமாளிக்கலாம். பாடசாலைகளுக்கு மேசைக் கணினியைவிட மடிக்கணினியை நாங்கள் விரும்புவதற்கு முதற்காரணம் இதுதான்.

மடிக்கணினியைத் தெரிவு செய்யும்போது வேகத்தைப் பார்க்காமல் தூசியைப் பாருங்கள். வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம் அள்ளிவரும் செம்புழுதி காற்றாடி உள்ள மடிக்கணினியின் வெப்பத் தகடுகளை ஒரே வருடத்தில் அடைத்துவிடும். காற்றாடியே இல்லாத, குறைந்த மின்சாரத்தில் ஓடும் புரொசசர் கொண்டவை வகுப்புக்குத் தாராளமாகப் போதும். 8 ஜிகாபைற் நினைவகமும், சுழலும் பாகம் இல்லாத சேமிப்பகமாகிய எஸ்எஸ்டியும் கட்டாயம். சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ளவை மேசையிலிருந்து ஒருமுறை விழுந்தால் முடிந்துவிடும். விழாவிட்டாலும் திறக்க இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். 40 நிமிடப் பாடவேளையில் அது பெரிய களவு.

25ம் ஒரே மொடலாக இருக்கவேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். ஐந்து நன்கொடையாளர் ஐந்து விதமாகத் தந்தால் ஐந்து விதச் சார்ஜர், ஐந்து விதப் பற்றரி, ஐந்து விதத் திரை. ஒரே மொடலாக இருந்தால் செத்த ஒன்றின் உடலிலிருந்து மற்ற மூன்றைக் காப்பாற்றலாம். 25உடன் சேர்த்து முழு மடிக்கணினி இரண்டு, சார்ஜர் நான்கு, பற்றரி இரண்டு, விசைப்பலகை மூன்று, திரை ஒன்று, கீல் சோடி இரண்டு முதல்நாளே வாங்கிவையுங்கள். நான்கு வருடம் கழித்துத் தேடினால் கிடைக்காது. பள்ளிக்கூடத்தில் பழுதாகும் ஒழுங்கும் ஏறக்குறைய இதுதான். முதலில் சார்ஜர் வயர் பின்னுக்குக் கிட்ட அறும். பிறகு சார்ஜர் செருகும் துளை இளகும். பிறகு திரையின் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்குவதால் கீல் உடையும். விசைப்பலகையில் பென்சிலை வைத்தபடி மூடினால் திரை வெடிக்கும். செருகும் துளை தாய்ப்பலகையோடு ஒட்டியதா, சிறு துணைப் பலகையில் இருக்கிறதா என்று வாங்கமுன் கேளுங்கள். துணைப் பலகை என்றால் அதை மாற்றச் சின்னச் செலவு. தாய்ப்பலகை என்றால் அநேகமாக முழு மடிக்கணினியும் போனது.

பற்றரிகளைக் கொல்வது பெரும்பாலும் விடுமுறைதான். பாடசாலை மூடும் நாளில் முழுச் சார்ஜோடு இரும்பு அலுமாரியில் வைத்து, தகரக் கூரைக்குக் கீழே ஆவணி மாதம் முழுவதும் விட்டால் லிதியம் பற்றரி உப்பும். வெறும் சார்ஜோடு விட்டால் மின்னழுத்தம் விழுந்து திரும்ப ஏறாது. 50 அல்லது 60 சதவீதத்தில், உறங்கு நிலையில் விடாமல் முழுதாக அணைத்து, காற்றோட்டமான உள்ளறையில், நிலத்திலிருந்து மூன்று அடிக்கு மேலே வையுங்கள். 2018 மார்கழி வெள்ளத்தைக் கண்ட கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பாடசாலைகளுக்கு அந்த மூன்று அடியின் அருமை தெரியும். சில மொடல்களில் 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறாதபடி வைக்கும் வசதி உண்டு. இருந்தால் பாவியுங்கள். தொடுபலகை மேலே எழும்பி நின்றாலோ, மடிக்கணினி மேசையில் சமமாக இராமல் ஆடினாலோ பற்றரி உப்பத் தொடங்கிவிட்டது. உடனே சார்ஜை நிறுத்தி, குத்தாமல் நெரிக்காமல், கட்டடத்துக்கு வெளியே மணல் வாளியில் வையுங்கள். பிள்ளைகள் கிட்டப் போகக்கூடாது. எறும்பையும் சின்ன விசயமாக எண்ணவேண்டாம். சூடான பெட்டியைத் தேடிவந்து முட்டை வைக்கும், தொடுப்புகளை இணைத்துச் சுட்டுவிடும். அலுமாரிக்கு உள்ளும் பக்கத்திலும் சாப்பாடு இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் மருந்து.

இணையத்துக்கு நாங்கள் இரண்டாம் இடமே கொடுப்போம். துணுக்காய், மாந்தை கிழக்கு, ஒட்டுசுட்டான் உட்பகுதிகளில் சிக்னலின் நிலை எல்லாரும் அறிந்தது. நல்ல சிக்னல் உள்ள இடத்திலும் கணக்கைப் பாருங்கள். 10 நிமிட வீடியோ ஒன்று நடுத்தரத் தெளிவில் சுமார் 50 மெகாபைற். 25 பேர் தனித்தனியே பார்த்தால் ஒன்றேகால் ஜிகாபைற். ஒரு பாடவேளைக்கு மட்டும் இவ்வளவு. அதோடு 25 மடிக்கணினியும் ஒன்றாக இணையத்தைக் கண்டால் ஒவ்வொன்றும் தன் விண்டோஸ் புதுப்பிப்பை இறக்கத் தொடங்கும். மாத டேட்டா காலை இடைவேளைக்கு முன்னமே முடிந்துவிடும். ஒவ்வொன்றிலும் இணைப்பை ‘அளவுக்குட்பட்டது’ என்று குறித்து வைத்தால் பெரிய இறக்கங்கள் நிற்கும்.

இதற்கு நல்ல மாற்று பாடசாலைக்குள்ளேயே ஒரு சின்னச் சேர்வர். றாஸ்பெரி பை என்ற உள்ளங்கையளவு கணினி ஒன்றோ சிறு பெட்டிக் கணினி ஒன்றோ போதும், 512 ஜிகாபைற் எஸ்எஸ்டி, அதோடு தனியான வைஃபை அக்சஸ் பொயின்ற். றாஸ்பெரி பையின் சொந்த வைஃபையை நம்பி 25 மடிக்கணினியை இணைக்கவேண்டாம். பத்துப் பேரோடு அது திணறும். போன் சார்ஜரில் ஓட்டவும் வேண்டாம். அந்த மொடலுக்குரிய மின்வழங்கியே வேண்டும். மெமரி கார்ட்டில் ஓடவிட்டால் நாலு கரண்ட் கட்டில் கோப்புகள் சிதைந்துவிடும். எஸ்எஸ்டியும் சின்ன யூபிஎஸ்ஸும் அதனால்தான் சொல்கிறோம். அதற்குள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தமிழ்மொழிப் பாடநூல்கள், கடந்தகால வினாத்தாள்கள், கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளப் பாடங்கள், இணையமின்றி வாசிக்க உதவும் கிவிக்ஸ் மென்பொருள் வழியாகத் தமிழ் விக்கிப்பீடியா, அதேபோன்ற கோலிப்ரி வழியாகக் கணித, விஞ்ஞான வீடியோக்கள், நூலகம் என்ற எண்ணிம நூலகத் தளத்திலிருந்து தெரிந்தெடுத்த நூல்கள் எல்லாம் அடங்கும். வலயக் கணினி வள நிலையத்தில் நல்ல இணைப்பு இருக்கும் நாளில் ஒருமுறை இறக்கி, தவணைக்கு ஒருமுறை பாடசாலை பாடசாலையாகக் கொண்டுபோய்ப் பிரதி பண்ணலாம். பழைய வினாத்தாள்கள் பல பாமினி என்ற பழைய எழுத்துருவில் கிடக்கின்றன. அவற்றை யூனிகோட்டுக்கு மாற்றிய பின்பே ஏற்றுங்கள். பாமினி இல்லாத மடிக்கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துச் சிதறலாகத்தான் தெரியும், தேடினாலும் அகப்படாது. தமிழ் விசைப்பலகை தமிழ் 99ஆக இருந்தாலும் சரி, ரெங்கநாதனாக இருந்தாலும் சரி, முழுப் பாடசாலைக்கும் ஒன்றே இருக்கட்டும்.

வகுப்புக்குள் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். தரம் 10, கணிதம், இருபடிச் சார்பின் வரைபு. வழமையில் ஒரு பாடவேளையில் பிள்ளை ஏழு புள்ளி கணித்து, வரைபுத்தாளில் குறித்து, ஒரே ஒரு வளையியை வரையும். மடிக்கணினி எண்ணும் இடாப்பு எண்ணும் ஒன்றாக இருந்தால், வரிசையாக எடுத்துத் திறக்க மூன்று நிமிடம். எல்லாவற்றிலும் கடவுச்சொல் இல்லாத ஒரே மாணவர் கணக்கு. வரைபு வரையும் இலவச மென்பொருளான ஜியோஜீப்ரா முன்பே நிறுவியிருக்கும். எக்ஸ் வர்க்கத்தின் குணகத்துக்கு ஒரு வழுக்கி (இழுத்து எண்ணை மாற்றும் பட்டை), மாறிலிக்கு ஒரு வழுக்கி. குணகத்தைப் பூச்சியத்துக்குக் கீழே இழுத்தவுடன் வளையி கவிழ்வதையும், மாறிலியை ஏற்றினால் உச்சி மேலே போவதையும் பிள்ளை தன் கையால் பத்துமுறை செய்து பார்க்கும். 15 நிமிடம் அதற்குப் போதும். பிறகு மடிக்கணினியை மூடச்சொல்லி, ‘குணகம் மறை இரண்டு, மாறிலி மூன்று, வரை’ என்று ஆசிரியர் சொல்லவேண்டும். பிள்ளை தாளில் கையால் வரையவேண்டும், ஏனென்றால் பரீட்சை தாளில்தான் நடக்கிறது. கடைசி ஐந்து நிமிடம் திருப்பி வைக்க. இப்படி ஒரு பாடத்தை ஆயத்தப்படுத்த ஆசிரியருக்கு முதல்முறை ஒரு பின்னேரம் முழுவதும் போகும். அந்த நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கணித, விஞ்ஞான, மொழி ஆசிரியர்களுக்கு முதல் மடிக்கணினிகளைக் கொடுத்து, ஒரு தவணை கழித்துப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். பெருவில் கிடைத்த பாடமும் இதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

புலம்பெயர் உறவுகள் அனுப்பும் பாவித்த மடிக்கணினிகளைப் பற்றி வெளிப்படையாகவே எழுதுகிறோம். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்ரோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11க்கு இன்ரெல் புரொசசர் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். அதனால் வெளிநாட்டு அலுவலகங்கள் பழையவற்றைக் கழிக்கின்றன, அவை இங்கே வரும். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ற் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் அவற்றில் நல்லவை இன்னும் நாலு வருடம் உழைக்கும். ஆனால் பெட்டி கட்டமுன் சிலவற்றைப் பாருங்கள். கணினி தொடங்கும்போதே கேட்கும் பயோஸ் கடவுச்சொல் நீக்கியிருக்கவேண்டும். கம்பனியின் தொலைப்பூட்டு விடுவித்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் இங்கே இணையம் கண்டவுடன் பூட்டிக்கொள்ளும். ஒரு மணித்தியாலமாவது பற்றரி நிற்கவேண்டும். சுவிஸ், ஜேர்மன், பிரெஞ்சு விசைப்பலகைகளில் எழுத்துகள் இடம் மாறி இருக்கும். படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு அவை குழப்பம். ஐரோப்பியச் சார்ஜரை மலிவான அடப்டரில் செருகினால் ஏர்த் தொடுகை அறுந்துவிடும். அதற்கு முனை வயரையே இங்கத்தைய மூன்று முள் வயராக மாற்றவேண்டும், சில நூறு ரூபா வேலை. கனடாவிலிருந்து பழைய மேசைக் கணினி வந்தால், பின்பக்கத்திலுள்ள சிறு சுவிட்ச் 115இல் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியே 230இல் செருகினால் வெடிக்கும். உப்பிய பற்றரியை எக்காரணம் கொண்டும் அனுப்பவேண்டாம். பத்து விதமான 50ஐவிட ஒரே விதமான 20 எங்களுக்குப் பெரிய உதவி. இதை உங்கள் சங்கக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினால் நன்றி.

அதிபர்கள் ஏன் பூட்டி வைக்கிறார்கள் என்பதும் பேசப்படவேண்டும். பொருட்பதிவேட்டில் ஏறிய ஒன்று காணாமல் போனால் நிதிப் பிரமாணம் 104இன் கீழ் விசாரணை, அறிக்கை, இழப்புக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி. உடைந்தால் திருத்தப் பணம் எந்தத் தலைப்பில் என்று தெரியாது. இந்த நிலையில் பூட்டி வைப்பதே பாதுகாப்பு என்று ஓர் அதிபர் நினைத்தால் அவரைக் குறைசொல்வதில் நியாயமில்லை. வழமையான பாவனையில் ஏற்படும் உடைவுக்கு யாரிடமும் அறவிடப்படாது என்று மாகாணக் கல்வித் திணைக்களம் எழுத்தில் ஒரு சுற்றறிக்கை தரவேண்டும். மடிக்கணினிக்கு ஒதுக்கும் நூறு ரூபாவில் அறுபதை மடிக்கணினிக்கும் நாற்பதை வயரிங், சேர்வர், உதிரிப் பாகம், பயிற்சி, ஐந்து வருடத் திருத்தம் ஆகியவற்றுக்கும் வைக்கவேண்டும் என்பது எங்கள் மதிப்பீடு. திருத்துநர் வலயத்துக்கு ஒருவர் வேண்டும். மாதம் ஒருமுறை ஒவ்வொரு பாடசாலைக்கும் வர அவருக்கு மோட்டார் சைக்கிளும் எரிபொருள் படியும் வேண்டும். வவுனியா வடக்கிலிருந்தோ மடுவிலிருந்தோ ஒரு கணினியை பஸ்ஸில் தூக்கிக்கொண்டு ரவுனுக்குப் போகும் வேலையை ஆசிரியர் தலையில் கட்டக்கூடாது.

சொந்தமாக ஒன்று யாருக்குக் கொடுக்கலாம்? உயர்தரத்துக்கு வந்த பிள்ளைகளுக்கு, முக்கியமாகத் தொழினுட்பப் பிரிவினருக்கும் தகவல் தொழினுட்பத்தைப் பாடமாக எடுத்தவர்களுக்கும். அந்த வயதில் பொருளைக் காக்கும் பொறுப்பு வந்துவிடும், செயற்திட்டங்களுக்கு வீட்டிலும் தேவைப்படும், பல்கலைக்கழகத்துக்கும் கூடவே போகும். பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கோ வயதுக் கட்டுப்பாடே வைக்கவேண்டாம். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் தமிழையும் வாசிக்கும். ஒரு சோடி ஹெட்போனோடு மடிக்கணினி அந்தப் பிள்ளைக்குப் புத்தகமும் கொப்பியும் ஆகிவிடும். அவர்களை வரிசையில் முதலில் நிறுத்துங்கள். ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு இப்போதைக்கு வாசிப்புப் புத்தகங்களே கொடுங்கள்.

வலயக் கல்விப் பணிமனைகளிடம் ஒரு வேண்டுகோள். பாடசாலைகளிடம் கேட்கும் கணினித் தகவல் படிவத்தில், கணினிகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் மூன்று நிரல்களைச் சேருங்கள். இன்று வேலை செய்பவை எத்தனை. கடந்த வாரம் எத்தனை பாடவேளை பாவிக்கப்பட்டன, அவற்றில் கணினிப் பாடம் தவிர்ந்த பாடங்கள் எத்தனை. கடைசியாக ஏர்த் அளந்த திகதி என்ன. அன்பளிப்புச் செய்பவர்களும் பணம் அனுப்பமுன் இதே மூன்றையும் பாடசாலையிடம் கேளுங்கள். பதில் இல்லாத பாடசாலைக்கு முதலில் ஒரு நல்ல எலக்ரீசியனுக்கான கூலியை அனுப்புங்கள், மடிக்கணினியை அடுத்த தவணைக்கு அனுப்பலாம்.

இங்ஙனம்,
வன்னிப் பாடசாலைகளின் கணினி ஆசிரியர்களும் திருத்துநர்களும் சிலர்,
கிளிநொச்சி.